ராவைக்கு எங்க சாப்பிடுறது? ஓட்டமாவடி வீதியின் இரவுச் சாப்பாட்டு வரலாறு

வேலை விஷயமாகத் தனியாக ஊர் ஊராக அலைகிற எல்லாரிடமும் ஒரே கேள்விதான் இருக்கும்: ராவைக்கு எங்க சாப்பிடுறது? மருந்துக் கம்பனி ரெப், லீசிங் காசு அறவிட வரும் பொடியன், தூர இடத்துக்கு மாற்றம் கிடைத்த டீச்சர், கணக்காய்வுக்கு வந்த உத்தியோகத்தர், நெல் ஏற்ற வந்த லொறி சாரதி, கள ஆய்வுக்கு வந்த பல்கலைக்கழக மாணவி. பகல் சாப்பாட்டை எங்காவது சமாளித்துவிடலாம். வேலை முடிந்து, பஸ் பிந்தி, தெரியாத ஊரில் இரவு ஒன்பதரைக்கு இறங்கும்போதுதான் வயிறு கதைக்கத் தொடங்கும்.

இதையெல்லாம் வரலாறு என்று யாரும் எழுதுவதில்லை. மன்னர்கள் கட்டிய குளத்துக்கு வரலாறு இருக்கு, கோட்டைக்கு வரலாறு இருக்கு, பரோட்டாக் கல்லுக்கு இல்லை. ஆனால் ஒரு ஊரில் அந்நியனுக்கு இரவில் சோறு கிடைத்ததா, யாருக்குக் கிடைத்தது, யாரை வாசலில் நிறுத்தினார்கள் என்று தேடிப் பார்த்தால், அந்தக் காலத்து மனிதர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு நம்பினார்கள் என்பது தெரிந்துவிடும். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். எடுத்துக்கொண்ட ஊர் ஓட்டமாவடி.

ஏன் ஓட்டமாவடி? கொழும்பிலிருந்து ஹபரணை, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிகந்தை, புணானை என்று காடும் வயலுமாக வருகிற வீதி, மட்டக்களப்புக்குப் போகும் வழியில் வாவியைக் கடக்கிற இடம் அது. திருகோணமலையிலிருந்து வாகரை வழியாக வருகிற வீதியும் அதற்குச் சற்று முன்னால் இதோடு வந்து சேர்ந்துவிடும். பக்கத்திலேயே ஒட்டினாற்போல வாழைச்சேனை. ஓட்டமாவடி பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் ஊர், சுற்றிவரத் தமிழ்க் கிராமங்கள். நீண்ட காட்டு வழி முடிந்து, கடை வெளிச்சம் கண்ணில் படுகிற ஊர். பசியோடு வருகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேணும்?

சோற்றைக் கூடவே கொண்டுபோன காலம்

வேலைக்காகப் பயணம் போகிறவனுக்கு எங்கே என்ன சாப்பிடலாம் என்று சொல்லிக்கொடுக்கும் பழக்கம் தமிழில் புதுசு இல்லை. ஆற்றுப்படை நூல்கள் ஒருவகையில் அதைத்தான் செய்கின்றன. பரிசில் வாங்கிய பாணன் ஒருவன், வழியில் எதிர்ப்பட்ட இன்னொரு பாணனுக்குப் பாதை சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையில் கடற்கரைப் பக்கம் போனால் சுட்ட மீன், காட்டுப் பக்கம் போனால் புளி போட்ட சோறும் இறைச்சியும், வயல் பக்கம் போனால் வெண்சோறும் நண்டும் என்று இடத்துக்கு இடம் சாப்பாடு மாறும். பாணனுக்குப் பாட்டுத்தான் தொழில், ஆகவே அவன் போனதும் வேலைப் பயணம்தான். காசு கொடுத்துச் சாப்பிடும் கடை அந்தப் பாதையில் வரவே வராது. அந்தந்த நிலத்து மக்கள் தங்கள் வீட்டுச் சோற்றைக் கொடுக்கிறார்கள்.

கிழக்கு மாகாணத்துப் பாதைகளில் பல நூற்றாண்டுகளாக அலைந்த தொழில்காரர் தவளக்காரர். தவளம் என்றால் பொதிமாட்டுக் கூட்டம். 1626இல் போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாறு. அவர்களுக்கு முன்பிருந்தே இங்கே இருந்த முஸ்லிம்களும் உண்டு. கரைக்கும் மலைக்கும் இடையில் மாட்டு முதுகில் சாமான் ஏற்றி வியாபாரம் செய்ததில் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு. உப்பு, கருவாடு, துணி மேலே போகும். பாக்கு, மிளகு கீழே வரும்.

அந்தத் தவளக்காரனுக்கு இரவுச் சாப்பாடு எப்படி? இருட்ட முந்தி தண்ணீர் கிடைக்கிற இடமாகப் பார்த்து மாட்டை அவிழ்ப்பது, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவது, கொண்டுவந்த அரிசியைப் போடுவது, கருவாட்டைச் சுடுவது. ஆகவே அவன் தனியாகப் போகவே மாட்டான். கூட்டமாகப் போனால்தான் நெருப்பு, நெருப்பு இருந்தால்தான் சோறு, சோறும் நெருப்பும் இருந்தால்தான் உயிர். யாத்திரைக்காரருக்கு மடமும் கோயில் அன்னதானமும் இருந்தது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகனுக்கு ‘அன்னதானக் கந்தன்’ என்றே பெயர். ஆனால் மடம் யாத்திரைப் பாதையில் இருக்கும், வியாபாரி போகிற எல்லாப் பாதையிலும் இருக்காது.

தனியாகப் போவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த வீதியிலேயே ஒரு சாட்சி இருக்கு. ஓட்டமாவடிக்கு மேற்கே இருக்கும் புணானையில் 1920களின் தொடக்கத்தில் ஒரு சிறுத்தை மனிதரை அடித்துத் தின்னப் பழகியது. குறைந்தது 12 பேரைக் கொன்றது என்பது கணக்கு. செத்தவர்களில் பலர் அந்தக் காட்டு வீதியால் போனவர்கள். 1924இல் ஷெல்டன் அகர் என்கிற வெள்ளைக்கார வேட்டைக்காரர் அதைச் சுட்டார். இன்று ஏசி பஸ்ஸில் நித்திரை கொண்டபடி நாங்கள் தாண்டிப் போகிற இடம்தான் அது. நூறு வருடத்துக்கு முன் அங்கே இரவில் தனியாக வந்தவன் தான் என்ன சாப்பிடுவது என்று யோசிக்கவில்லை, தன்னை யார் சாப்பிடப் போகிறார்கள் என்றுதான் யோசித்திருப்பான்.

றெஸ்ட் ஹவுஸ் யாருக்கு?

ஆங்கிலேயர் வீதி போட்டார்கள், வீதியோரம் றெஸ்ட் ஹவுஸ் கட்டினார்கள். கட்டில், விளக்கு, குசினி, சமைத்துத் தர ஒரு ஆள். தனியாக வேலைக்கு வந்தவனுக்குச் சூடான இரவுச் சாப்பாடு என்கிற ஏற்பாட்டை அரசாங்கமே செய்துகொடுத்த காலம் இது. மட்டக்களப்பிலும் கல்குடாவிலும் றெஸ்ட் ஹவுஸ் இருந்தது.

ஆனால் அது யாருக்கு? அரசாங்க வேலையாக வந்தவருக்கு முதலிடம். அதாவது கச்சேரித் துரை, சேவையர், என்ஜினியர். அவருக்குப் பெட்டி தூக்கி வந்த ஆள் வெளியில்தான். மாட்டுவண்டிக்காரன் அந்தப் படியில் ஏறவே மாட்டான். ஒரே வீதி, ஒரே இரவு, ஒரே பசி. மேசைதான் வேறு.

1920களில் கிழக்குக்கு ரயில் வந்தது. வாவிக்கு மேலாக ஓட்டமாவடி இரும்புப் பாலமும் வந்தது. பழைய ஆட்களுக்கு அந்தப் பாலம் நல்ல நினைவு: ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தில்தான். ரயில் வருகிறதென்றால் பஸ், லொறி, சைக்கிள் எல்லாம் கேற்றடியில் காத்திருக்க வேணும். பிறகுதான் பக்கத்தில் வாகனங்களுக்கென்று புதிய பாலம் கட்டினார்கள். வாகனம் நிற்கிற இடத்தில் தேத்தண்ணிக் கடை முளைப்பது உலகத்துப் பொதுவிதி. பாலம், சந்தி, ஸ்டேஷன், கேற்றடி: இரவுக் கடைகளை எந்த நாட்டிலும் இந்த நாலு இடத்தில்தான் தேட வேணும்.

கடை என்கிற புரட்சி

காசைக் கொடுத்தால் யாரும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது இன்றைக்கு எங்களுக்குச் சாதாரண விஷயம். ஆனால் தென்னாசியாவில் அது லேசில் வந்ததில்லை. வீட்டுச் சாப்பாட்டுக்குச் சாதியும் மதமும் வேலி. பொதுக்கடை வந்ததும் அந்த வேலியையும் கடைக்குள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆங்கிலேயர் கால இந்தியாவில் ரயில்வே ஸ்டேஷன்களில் இந்துக்களுக்குத் தனித் தண்ணீர், முஸ்லிம்களுக்குத் தனித் தண்ணீர் இருந்தது. சென்னையில் ‘பிராமணாள்’ என்று பலகை மாட்டிய ஓட்டல்கள் இருந்தன. 1957இல் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்கிற ஓட்டலுக்கு முன்னால் பெரியாரின் திராவிடர் கழகத்தார் நாளுக்கு நாள் மறியல் செய்து கைதானார்கள். ஒரு சொல்லைப் பலகையிலிருந்து எடுக்கச் சொல்லித்தான் அவ்வளவு போராட்டமும்.

அதே 1957இல்தான் இலங்கையில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் (21ஆம் இலக்கம்) வந்தது. சாதியைச் சொல்லி உணவுக்கடை உள்ளிட்ட பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்றது அந்தச் சட்டம். சட்டம் வந்தும் யாழ்ப்பாணத்தில் பல தேநீர்க் கடைகள் ஒடுக்கப்பட்ட மக்களை உள்ளே விடவில்லை. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தோடு போராட்டம் சூடு பிடித்தது. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தேநீர்க் கடைப் பிரவேசத்தையும் கோயில் பிரவேசத்தையும் முன்னெடுத்தது. ஒரு கோப்பைத் தேத்தண்ணியை உள்ளே இருந்து குடிப்பதற்காக அடிபட்டவர்களும் உயிரை விட்டவர்களும் இருக்கிறார்கள். இன்று எந்தக் கடையிலும் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரும்போது அதை நாங்கள் மறந்துவிடக் கூடாது.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் வீதியோர முஸ்லிம் ஹோட்டலின் அருமை விளங்கும். வழிப்போக்கனை நம்பி நடக்கிற தொழில் அது. காசு கொடுத்தவனுக்கு ஒரே பீங்கான், ஒரே வாங்கு. கடலுக்கு அப்பால் மலேசியாவிலும் இதே கதைதான். அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ‘மாமாக்’ கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் ஒரே மேசையில் ரொட்டி சாப்பிடுகிற இடம் அந்த நாட்டில் அதுதான். மாமா என்ற தமிழ் முறைப் பெயரிலிருந்தே அந்தப் பெயரும் வந்தது.

ஓட்டமாவடிப் பக்கத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1950களில் வாழைச்சேனையில் அரசாங்கக் கடதாசி ஆலை தொடங்கியது. வயலில் மிஞ்சும் வைக்கோலையும் மூலப்பொருளாக எடுத்துக் கடதாசி செய்த ஆலை. ஆலை என்றால் ஷிப்ட். ஷிப்ட் என்றால் நேரங்கெட்ட நேரத்தில் பசிக்கும் ஆட்கள். நாட்டின் பல இடங்களிலிருந்தும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று வேலைக்கு வந்தவர்கள். பொழுது பட்டதும் மூடிவிடும் கிராமத்துச் சந்தி, ஆலையும் லொறியும் ரயிலும் வந்த பிறகு பிந்தித்தான் மூடும்.

கொத்துச் சத்தம்

இரவு ஒன்பது மணிக்குத் தெரியாத ஊரில் இறங்கியவனுக்கு வழிகாட்டுவது கூகிள் மேப் இல்லை, காது. டக டக டக டக என்று இரண்டு தகடு இரும்புக் கல்லில் விழுகிற சத்தம் கேட்டால் அங்கே சாப்பாடு இருக்கு.

கொத்து ரொட்டி எங்கே பிறந்தது என்பதில் சண்டை ஓயாது. கிழக்கில்தான், மட்டக்களப்புப் பக்கம் 1960கள், 70களில் தொடங்கியது என்பது இலங்கையில் பரவலாகச் சொல்லப்படும் கதை. கொத்து பரோட்டாவுக்கு மதுரைக்காரர் உரிமை கோருவார்கள். இரண்டு பேரையும் சமாதானப்படுத்துவது எங்கள் வேலை இல்லை. எங்களுக்குச் சுவாரசியமான கேள்வி வேறு: ஏன் கொத்து இரவுச் சாப்பாடு ஆனது?

முதல் காரணம் மா. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டிலும் பிறகு வந்த பங்கீட்டு முறையிலும்தான் பாணும் மாவும் ஏழை வீடுவரை போயின. 1970களில் அரிசி அருந்தலாகி, தனியார் அரிசி கொண்டுபோவதற்கே கட்டுப்பாடு வந்தது. வீதியில் தடை போட்டு மூட்டையைச் சோதித்தார்கள். பிறகு 1980இல் திருகோணமலையில் சிங்கப்பூர் பிரீமா கம்பனியின் பெரிய மாவாலை தொடங்கியது. கிழக்கின் வாசலிலேயே மா. நெல் விளைகிற மட்டக்களப்பு இரவில் மாவைத் தின்னப் பழகியதற்கு இப்படி ஒரு அரசியல் இருக்கு.

இரண்டாவது காரணம் கடைக்காரரின் கணக்கு. சோறும் கறியும் ஒரு பானைச் சாப்பாடு. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் இரவில் சோறு வைத்தால் மிஞ்சியது முழுக்க நட்டம். ரொட்டி அப்படியில்லை. முற்கூட்டிச் சுட்டு அடுக்கி வைக்கலாம். ஆள் வந்த பிறகு வெங்காயம், லீக்ஸ், முட்டை, பகல் மிஞ்சிய இறைச்சி ஆணம் எல்லாம் போட்டுக் கொத்திக் கொடுக்கலாம். ஒருவர் வந்தாலும் போடலாம், பத்துப் பேர் வந்தாலும் போடலாம். தனியாக வருகிறவனுக்கென்றே செய்த சாப்பாடு மாதிரி. ஆறிய ரொட்டியும் பழைய ஆணமும்கூடக் கல்லில் சூடாகி, கண்ணுக்கு முன்னாலேயே தயாராகும். தெரியாத ஊரில் சாப்பிடுகிறவனுக்கு அது பெரிய ஆறுதல்: கையில் வருவதை எப்படிச் செய்தார்கள் என்று அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான்.

இந்த ‘பார்த்துக்கொண்டே நிற்பதை’ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இரவு இல்லாத வருடங்கள்

மட்டக்களப்பில் தமிழ், முஸ்லிம் உறவைச் சொல்லப் பெரியவர்கள் ஒரு உவமை வைத்திருக்கிறார்கள்: பிட்டும் தேங்காய்ப்பூவும் போல. குழலுக்குள் ஒரு கை மா, ஒரு கை தேங்காய்ப்பூ, பிறகு மா, பிறகு தேங்காய்ப்பூ. கரையோர ஊர்களும் அப்படித்தான் அடுக்கி இருக்கு. ஓட்டமாவடியும் வாழைச்சேனையும் அந்தக் குழலின் வடக்கு முனை.

1990இல் அந்தக் குழல் உடைந்தது. ஓகஸ்ட் மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களையும், சில நாளில் ஏறாவூர் முஸ்லிம்களையும் விடுதலைப் புலிகள் கொன்றார்கள். செப்டம்பரில் சத்துருக்கொண்டானிலும் சுற்றுக் கிராமங்களிலும் தமிழர்களைப் படையினர் கொன்றார்கள். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து கொண்டுபோனவர்கள் திரும்பி வரவில்லை. சமாதான காலம் என்று சொன்ன 2002 ஜூனில்கூட வாழைச்சேனையில் தமிழ், முஸ்லிம் மோதல் வெடித்தது. உயிர்கள் போயின, கடைகள் எரிந்தன.

இந்த வருடங்களில் இரவுச் சாப்பாடு என்கிற பேச்சே இல்லை. ஊரடங்கு, சோதனைச் சாவடி, இறங்கி வரிசையில் நடந்து அடையாள அட்டை காட்டல். பொழுது பட முந்தி வீடு போய்ச் சேர்வதுதான் வேலை. பல காலம் ரயிலும் மட்டக்களப்புவரை வரவில்லை. கொலை நடந்த ஊருக்கு ஊர் எல்லை விழுந்தது. அந்தப் பக்கத்துக் கடையில் இந்தப் பக்கத்து ஆள் தேத்தண்ணி குடிக்க யோசித்தான். சட்டம் போட்டு யாரும் தடுக்கவில்லை. பயம் தடுத்தது. 1966இல் யாழ்ப்பாணத்தில் சாதி மூடிய கதவை இங்கே போர் மூடியது.

2007 ஜூலையில் குடும்பிமலையை அரசு படைகள் பிடித்ததோடு கிழக்கில் போர் முடிந்தது. வீதி திறந்தது, சாவடிகள் மெல்ல மெல்லக் குறைந்தன, ராப் பஸ் ஓடத் தொடங்கியது. ஓட்டமாவடிச் சந்தியில் இரவில் கொத்துச் சத்தம் மறுபடி கேட்பது எங்கள் வயசுக்காரருக்குச் சாதாரணம். எங்கள் தாய் தகப்பன்மாருக்கு அது சமாதானத்தின் சத்தம்.

சாப்பாட்டுக்குள் என்ன போட்டார்கள்?

கடை திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே போகிறவன் நம்ப வேணும். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, இதே கிழக்கு மாகாணத்தில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட வந்தவர்கள் கறிக்குள் ஒரு கட்டியைக் கண்டு, சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் மாத்திரை என்று சண்டை பிடித்தார்கள். காணொளி பரவியது. கும்பல் சேர்ந்து கடையையும் பக்கத்துப் பள்ளிவாசலையும் தாக்கியது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு பரிசோதித்துச் சொன்ன முடிவு: அது மாக்கட்டி. சாப்பாட்டில் கலந்து நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை என்று மருத்துவர்களும் சொன்னார்கள். ஆனால் முடிவு வரும்போது கண்டி, திகனைப் பக்கம் எரிந்து முடிந்துவிட்டது.

ஒரு மாக்கட்டி. ராச்சாப்பாட்டு நேரம். எங்கள் கட்டுரையின் விஷயமே அதற்குள் இருக்கு. கண்ணுக்கு முன்னால் சமைத்துத் தருகிற கல்லையே சந்தேகிக்கிற அளவுக்கு வதந்தி போய்விட்டால், வீதியோரக் கடை என்கிற ஏற்பாடே நின்றுவிடும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளும் செத்த துக்கத்தின் நடுவே, முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லும் பேச்சு நாடு முழுக்கப் பரவியது. குண்டு வைத்தவனுக்கும் கொத்துப் போடுகிறவனுக்கும் சம்பந்தம் என்ன என்று கேட்டவர்கள் குறைவு.

ஓட்டமாவடி என்ற பெயர் நாடு முழுக்கத் தெரிய வந்தது அதற்கும் பிறகு. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் 2020இலிருந்து கட்டாயமாக எரித்தார்கள். நாட்டிலும் வெளியிலும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 2021 மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் அடக்கம் நடந்தது. ஒரு வருடத்தில் 3,600க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கப்பட்டார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், பௌத்தர்கள்கூட உண்டு. கொழும்பிலும் புத்தளத்திலும் காலியிலும் இறந்தவர்களின் பிள்ளைகள், தாங்கள் ஒருநாளும் வந்திராத இந்த ஊருக்கு இப்போது வாப்பாவின், உம்மாவின் மண்ணைப் பார்க்க வருகிறார்கள். வேலைப் பயணியும் துக்கப் பயணியும் ஒரே வீதியில் இறங்கி, ஒரே கடையில் பிளேன்டீ குடிக்கிற ஊர் இது.

பார்சல் கட்டிப் போகிறவள்

இதுவரை சொன்ன கதையில் ‘அவன்’ என்றே எழுதிக்கொண்டு வந்ததைக் கவனித்தீர்களா? தற்செயலாக இல்லை. தவளக்காரன், துரை, லொறி சாரதி, ஆலைத் தொழிலாளி: இரவு வீதியின் வரலாறு ஆண்களின் வரலாறாகவே இருந்திருக்கு.

இன்று வேலைக்காகத் தனியாகப் பயணம் போகும் பெண்கள் ஏராளம். எங்கள் குழுவுக்குள் இதைப் பற்றிக் கதைத்தபோது பெண்கள் எல்லாரும் சொன்ன ஒரே சொல்: பார்சல். கடைக்குள் முப்பது ஆண்கள். எல்லாத் தலையும் ஒருமுறை திரும்பும். கடைக்காரர் மரியாதையாகத்தான் கேட்பார், “தங்கச்சி, பார்சலா?” என்று. அந்தக் கேள்விக்குள்ளேயே பதிலும் இருக்கு. சில கடைகளில் ‘குடும்ப அறை’ என்று திரை போட்ட மூலை உண்டு. குடும்பம் இல்லாமல் தனியாக வந்தவள் அதற்குள் தனியாக உட்கார்ந்தால் இன்னும் வித்தியாசமாகத் தெரியும். முடிவில் லொட்ஜ் அறைக் கட்டிலில், ஆறிப்போன கொத்து, பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல்.

கொடுமை ஒன்றும் நடக்கவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. சரி. ஆனால் உள்ளே உட்கார ஏலாத ஒருவருக்கு வெளியே சாப்பாடு கொடுத்துவிடுவது என்ற ஏற்பாட்டை நாங்கள் மேலே ஒருமுறை பார்த்துவிட்டோம். காரணமும் கொடுமையின் அளவும் வேறு. கதவு அதே கதவு.

தமிழ்நாட்டில் 2019 மே மாதம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று அரசாணை வந்தது. நல்லது. கடை திறப்பதற்கு அரசாணை போதும். ஒரு பெண் பத்து மணிக்குத் தனியாக உட்கார்ந்து, அவசரமில்லாமல், இரண்டாவது ரொட்டி கேட்டுச் சாப்பிடுவதற்கு அரசாணை போதாது. ஓட்டமாவடியாக இருக்கட்டும், மட்டக்களப்பாக, மதுரையாக இருக்கட்டும், இரவுக் கடையின் அடுத்த வரலாறு அங்கேதான் எழுதப்பட வேணும்.

சரி, ராவைக்கு எங்க சாப்பிடுறது?

இவ்வளவு கதை சொல்லிவிட்டு வயிற்றை மறக்கக் கூடாது. இந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு நாங்கள் பழகி எடுத்த சில விஷயங்கள்.

லொறி நிற்கிற கடையைப் பாருங்கள். தினமும் வந்து போகிற சாரதிக்குக் கூடாத சாப்பாட்டைக் கொடுத்துக் கடை நடத்த ஏலாது. மெனுவில் இருப்பதைக் கேட்காமல் “இப்ப சூடா என்ன இருக்கு, காக்கா?” என்று கேளுங்கள். பிந்திப் போனால் சோறு கேட்க வேண்டாம், பெரும்பாலும் பகல் சோறுதான். கல்லில் போடுவதைக் கேளுங்கள்: ரொட்டி, முட்டை ரொட்டி, கொத்து. இறைச்சி ஆணத்தைக் கொத்துக்குள் போடாமல் புறம்பாகக் கேட்டால் அதன் ருசி உங்களுக்கே தெரியும்.

சைவம் என்றால் நேரத்தோடு போங்கள். சைவக் கடைகள் முந்தி மூடிவிடும். கொத்துக் கல் எல்லாத்துக்கும் ஒரே கல்தான், சம்பலில் மாசி இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் சரிவராவிட்டால் மட்டக்களப்பு எருமைத் தயிர் இருக்கு. ஒரு சட்டித் தயிர், சீனி, இரண்டு வாழைப்பழம். ராஜ சாப்பாடு.

நோன்பு மாதத்தில் போனால் பகலில் கடை மூடியிருக்கும், கோபிக்க வேண்டாம். பின்னேரம் நோன்பு திறந்த பிறகு ஊர் விழிக்கும். தராவீஹ் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம் கடைத்தெருவுக்குப் போய்ப் பாருங்கள். வருடத்தில் வேறெப்போதும் இல்லாத ராச் சந்தடி அப்போதுதான்.

கடைசியாக ஒரு வேலை தருகிறோம். அடுத்த முறை தனியாகச் சாப்பிடும்போது போனைக் கீழே வைத்துவிட்டு, கல்லாவில் இருக்கும் பெரியவரிடம் கேளுங்கள்: இந்தக் கடை எப்ப தொடங்கினது? முந்தி எத்தனை மணிக்கு மூடுவீங்க? சண்டைக் காலத்தில என்ன செய்தீங்க? 2022இல் காஸ் இல்லாமல், 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் எப்படிச் சமாளிச்சீங்க? அவர் சொல்வதை அன்றைக்கே எழுதி வையுங்கள். ஊர், வருடம், விலை, என்ன சாப்பாடு, யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை. குளத்துக்கும் கோட்டைக்கும் வரலாறு எழுத ஆட்கள் இருக்கிறார்கள். இதை எங்களைப் போல ராத்திரியில் பசியோடு அலைகிறவர்கள்தான் எழுத வேணும்.